உங்கள் பள்ளி பட்டியலில் வந்திருக்கிறதா? அமெரிக்க அரசுப் பள்ளிகளின் தர மதிப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி, கூடுதல் உதவி தேவைப்படும் பள்ளியாக அடையாளம் காணப்பட்டிருக்கிறது" என்று, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகமான டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு முழுக்க அதே பேச்சுதான். வீட்டு விலை இறங்கிவிடுமா, பிள்ளையை மாற்றலாமா, ஆசிரியர்கள் சரியில்லையா என்று ஆளுக்கொரு பயம். அமெரிக்காவில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூலையில் போடாமல், அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

வீடு விற்கும் ஜில்லோ தளத்தில் எங்கள் பள்ளிக்கு 10க்கு 4 என்று போட்டிருக்கிறதே, அது மாநில அரசு தரும் மதிப்பெண்ணா?

இல்லை. அது கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு போடும் எண். மாநிலம் வெளியிடும் தேர்வு முடிவுகளைத்தான் அதுவும் எடுத்துக்கொள்கிறது, ஆனால் தன்னுடைய சூத்திரத்தில் கணக்கிடுகிறது. வீடு விற்கும் தளங்கள் அந்த எண்ணை எடுத்துப் போடுகின்றன. அந்த 4ஐ வைத்து எந்தப் பள்ளிக்கும் அரசு உதவி வருவதில்லை.

மாநிலத்தின் கணக்கு தனி. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ரிப்போர்ட் கார்டு வெளியிட வேண்டும் என்பது சட்டம். உங்கள் மாநிலத்தின் பெயரோடு 'ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு' என்று தேடினால் கிடைத்துவிடும். கடிதத்தில் சொல்லும் அடையாளம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இப்படிப் பள்ளிகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் எப்போது வந்தது?

வேர் 1965இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சஸில் தான் சிறுவனாகப் படித்த பள்ளிக்கூடத்தின் முன்னால், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொடக்க, உயர்நிலைப் பள்ளிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பணம் தருவதுதான் அதன் மையம். அந்தப் பணத்துக்குத்தான் 'டைட்டில் ஒன்' என்று பெயர். பணம் கொடுத்தார்கள், ஆனால் பிள்ளைகள் படித்தார்களா என்று அழுத்திக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கடுமையாகக் கேட்டது 2002 ஜனவரியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம். 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2013–14க்குள் எல்லாக் குழந்தைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும். ஆண்டு இலக்கைத் தவறவிட்டால் படிப்படியாகத் தண்டனை. நூற்றுக்கு நூறு என்பது நடக்கிற காரியமா? 2011இல் நாட்டின் பள்ளிகளில் ஏறக்குறைய பாதி, இலக்கைத் தவறவிட்டவையாக நின்றன. ஒரு பிரிவு மாணவர்கள் கொஞ்சம் பின்தங்கிய நல்ல பள்ளிக்கும், எல்லாமே சரிந்து கிடந்த பள்ளிக்கும் ஒரே முத்திரை. யாருக்கு முதலில் உதவ வேண்டும் என்பதே அதில் தெரியாமல் போனது.

ஆனாலும் அந்தச் சட்டம் செய்த ஒரு நல்லதை மறக்கக் கூடாது. கறுப்பினக் குழந்தைகள், ஸ்பானிஷ் பேசும் குடும்பத்துக் குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் என்று பிரிவு பிரிவாக முடிவுகளை வெளியே வைக்கச் செய்தது. அதற்கு முன்னால் பள்ளியின் சராசரிக்குள் இவர்கள் காணாமல் போனார்கள்.

2015 டிசம்பர் 10 அன்று ஒபாமா கையெழுத்திட்ட 'எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ்' சட்டம்தான் இன்று நடப்பில் இருப்பது. சுருக்கமாக எஸ்ஸா என்பார்கள். தேர்வுகளும் பிரிவுவாரிக் கணக்கும் அப்படியே தொடர்கின்றன. எப்படி மதிப்பிடுவது, எப்படி உதவுவது என்ற முடிவு பெரும்பாலும் மாநிலத்தின் கைக்குப் போய்விட்டது.

எதையெல்லாம் வைத்துப் பள்ளியை அளக்கிறார்கள்?

முதலாவது, வாசிப்பு, கணக்குத் தேர்வுகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இன்னொரு கல்வி அளவையும் சேரும். பெரும்பாலான மாநிலங்கள் இதற்கு மாணவர்களின் வளர்ச்சியை எடுத்துக்கொள்கின்றன. அதாவது, அதே பிள்ளை போன ஆண்டிலிருந்து இந்த ஆண்டு எவ்வளவு முன்னேறியது. ஹைஸ்கூலாக இருந்தால் நான்கு ஆண்டில் எத்தனை சதவீதம் பேர் பட்டயம் வாங்கி வெளியேறினார்கள் என்பது. அப்புறம், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகள் அதில் எவ்வளவு தேறுகிறார்கள். கடைசியாக, பள்ளியின் தரத்தைக் காட்டும் ஓர் அளவையை மாநிலமே தேர்ந்தெடுக்கலாம். பல மாநிலங்கள் தொடர் வருகையின்மையைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. கடைசி அளவையைவிட மற்றவற்றுக்குச் சேர்த்து மிக அதிக எடை தர வேண்டும் என்பது சட்டம்.

இவை அனைத்தையும் பள்ளி மொத்தத்துக்கும், பிறகு ஒவ்வொரு மாணவர் பிரிவுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

சிஎஸ்ஐ, டிஎஸ்ஐ, ஏடிஎஸ்ஐ என்று கடிதத்தில் இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

சிஎஸ்ஐ என்றால் பள்ளி முழுவதற்கும் உதவி தேவை. மூன்று வழிகளில் ஒரு பள்ளி இதற்குள் வரலாம். டைட்டில் ஒன் பணம் பெறும் பள்ளிகளில் மதிப்பீட்டில் கடைசி 5 சதவீதத்தில் இருந்தால் வரும். மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பட்டயம் பெறாமல் போகும் ஹைஸ்கூல், டைட்டில் ஒன் பணம் வாங்காவிட்டாலும் வரும். ஒரு பிரிவுக்காக அடையாளம் காணப்பட்ட டைட்டில் ஒன் பள்ளி, மாநிலம் கொடுத்த கெடுவுக்குள் தேறாவிட்டாலும் வரும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மாநிலம் இந்தப் பட்டியலைப் போட வேண்டும்.

டிஎஸ்ஐ என்றால் பள்ளி மொத்தத்தில் பரவாயில்லை, ஆனால் ஏதோ ஒரு பிரிவு மாணவர்கள் தொடர்ந்து பின்தங்கியிருக்கிறார்கள். ஏடிஎஸ்ஐ அதில் இன்னும் கடுமையான நிலை. அந்தப் பிரிவை மட்டும் தனிப் பள்ளியாக நினைத்துக்கொண்டால், அது மாநிலத்தின் கடைசி 5 சதவீதத்துக்குள் போய் விழும்.

கடைசி 5 சதவீதம் என்பது வகுப்பில் கடைசி ரேங்க் மாதிரி. எல்லோரும் நன்றாக எழுதினாலும் கடைசி ரேங்க் யாருக்காவது இருக்கத்தான் செய்யும். ஒரு மாநிலத்தில் டைட்டில் ஒன் பள்ளிகள் 1,000 இருந்தால், அத்தனையும் முன்னேறினாலும் குறைந்தது 50 பள்ளிகள் பட்டியலில் இருக்கும். அதனால் கடிதத்தை மட்டும் பார்த்துப் பள்ளி போன ஆண்டைவிடக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பழைய எண்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு பிரிவில் குறைந்தபட்சம் இத்தனை மாணவர்கள் இருந்தால்தான் அதைத் தனியாகக் கணக்கிடுவோம் என்று மாநிலம் ஓர் எண் வைத்திருக்கும். சில இடங்களில் 10, சில இடங்களில் 20, சில இடங்களில் 30. உங்கள் மாநிலத்தில் அது 30 என்றால், ஒரு சிறிய பள்ளியில் சிறப்புக் கல்வி பெறும் 22 குழந்தைகளும் பின்தங்கியிருந்தாலும் அந்தப் பிரிவுக்குத் தனி மதிப்பீடு இருக்காது. அவர்களுக்காகப் பள்ளி எந்தப் பட்டியலிலும் வராது. பெயர் வராத பள்ளியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகள்தானே எப்போதும் கடைசியில் வருகின்றன? இது நியாயமா?

இந்த முறையின் மிகப் பெரிய பலவீனமே இதுதான். தேர்ச்சி சதவீதத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் நெருங்கிய தொடர்பு. ஐந்து வயதில் பள்ளி வாசலை மிதிக்கும்போதே ஒரு குழந்தைக்கு எழுத்தெல்லாம் தெரியும், இன்னொன்றுக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் பள்ளி உண்டாக்கியது இல்லை. ஆகவே தேர்ச்சியை மட்டும் வைத்து அளந்தால், அந்த எண் பள்ளியைப் பற்றிச் சொல்வதைவிட அக்கம்பக்கத்துக் குடும்பங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

வளர்ச்சியைப் பார்த்தால் படம் மாறுகிறது. இதற்குச் சிகாகோதான் நல்ல சான்று. நாடு முழுவதும் உள்ள டிஸ்ட்ரிக்டுகளின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்ட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு, சிகாகோ அரசுப் பள்ளி மாணவர்கள் 2009 முதல் 2014 வரை, 3ஆம் வகுப்புக்கும் 8ஆம் வகுப்புக்கும் இடையிலான ஐந்து ஆண்டில், ஆறு ஆண்டுக்கான வளர்ச்சியைக் கண்டதாகக் கணக்கிட்டது. 3ஆம் வகுப்பில் அவர்களின் சராசரி தேசிய சராசரிக்குக் கீழேதான் இருந்தது. தேர்ச்சிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பள்ளிகள் தோற்றவை. உள்ளே பிள்ளைகளோ நாட்டின் பல வசதியான ஊர்களைவிட வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தார்கள்.

நம்மவர்கள் வீடு தேடும்போது 9, 10 என்று எண் போட்ட பள்ளிகளைத் துரத்துகிறோம். அங்கே பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது உண்மை. மாலையில் குமான் வகுப்பு, வார இறுதியில் தனிப் பயிற்சி என்று வீட்டார் செலவழிப்பதும் அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. ரிப்போர்ட் கார்டில் 'குரோத்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அச்சீவ்மெண்ட் (தேர்ச்சி) குறைவு, குரோத் (வளர்ச்சி) அதிகம் என்று ஒரு பள்ளி இருந்தால், அங்கே ஆசிரியர்கள் உண்மையாக உழைக்கிறார்கள் என்று நம்பலாம்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம். சேர்க்கைப் படிவத்தில் அப்படி எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவர்கள் பட்டியலில் போட்டுவிடுவார்களா?

உடனே போடமாட்டார்கள். முதலில் ஒரு சிறிய தேர்வு வைப்பார்கள். அதில் தேறாவிட்டால்தான் ஆங்கிலம் கற்பவர் என்ற பிரிவில் சேர்த்து, கூடுதல் வகுப்பு தருவார்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு. பெரும்பாலான மாநிலங்களில் விடா, கலிஃபோர்னியாவில் எல்பேக், டெக்சஸில் டெல்பாஸ் என்று பெயர். அதில் பிள்ளை எவ்வளவு முன்னேறுகிறது என்பது பள்ளியின் மதிப்பீட்டில் ஒரு தனி அளவை.

அந்தப் பிரிவுக்குப் பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடும் பெற்றோர் உண்டு. உண்மையை எழுதுவதே நல்லது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு உதவி கிடைக்கும் முக்கிய வழி அதுதான். பிள்ளை தேறி வெளியே வந்த பிறகும் நான்கு ஆண்டுவரை அந்தப் பிரிவின் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாநிலத்துக்கு உரிமை உண்டு, அதனால் பள்ளியும் உங்கள் பிள்ளையின் வெற்றியைக் காட்டிக்கொள்ள முடியும்.

பிரிவுவாரிக் கணக்கில் நம் பிள்ளைகள் 'ஏசியன்' என்ற பெரிய பிரிவுக்குள் போவார்கள். அந்தச் சராசரி பல இடங்களில் உயரமாக இருப்பதால், பின்தங்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை அதற்குள் மறைந்துபோகும். அந்தப் பிள்ளைக்காகப் பெற்றோர்தான் பேச வேண்டியிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தால் பள்ளிக்குப் பாதிப்பா?

ஆமாம். பெரும்பாலான மாநிலங்கள், பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளையைத் தொடர்ந்து வராதவர் என்று கணக்கிடுகின்றன. 180 நாள் ஆண்டில் அது 18 நாள். குளிர்கால விடுமுறை ஜனவரி முதல் வாரத்தில் முடிகிறது. பொங்கல் முடித்து 20ஆம் தேதிக்கு மேல் கிளம்பினால் 12 பள்ளி நாள் அங்கேயே போய்விடும். மீதி ஆண்டில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஒரு ஆறு நாள் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தானே போனோம் என்றால், அனுமதி பெற்ற விடுப்பும் இதில் சேரும்.

தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கலிஃபோர்னியாவில் 'இண்டிபெண்டெண்ட் ஸ்டடி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி, கொடுக்கும் பாடத்தை முடித்துத் தந்தால் வருகையில் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் டிஸ்ட்ரிக்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று டிக்கெட் போடும்போதே அலுவலகத்தில் கேளுங்கள்.

மாநிலத் தேர்வை என் பிள்ளை எழுதாமல் இருக்கலாமா?

சில மாநிலங்களில் பெற்றோர் விலக்கு கேட்க முடியும். ஆனால் 95 சதவீத மாணவர்கள் எழுத வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அதற்குக் கீழே போனால், எழுதாதவர்களில் ஒரு பகுதியைத் தேறாதவர்களாக வைத்துத்தான் தேர்ச்சி விகிதம் கணக்கிடப்படும். நன்றாக எழுதக்கூடிய பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினால், பள்ளியின் எண் காரணமே இல்லாமல் இறங்கும்.

ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறதே?

காட்டும் முறை வேறு, அடியில் இருக்கும் சட்டம் ஒன்று. டெக்சஸ் ஏ முதல் எஃப் வரை எழுத்து தருகிறது. அங்கே தேர்ச்சி, வளர்ச்சி இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதற்கு 70 சதவீத எடை, பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கு 30 சதவீதம். ஃப்ளோரிடா 1999 முதலே எழுத்து தந்துவருகிறது.

கலிஃபோர்னியா ஒட்டுமொத்த எழுத்து எதுவும் தருவதில்லை. அதன் டேஷ்போர்டில் ஒவ்வோர் அளவைக்கும் சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து நிறங்களில் ஒன்று வரும். அந்த நிறம் இன்றைய நிலையையும் போன ஆண்டிலிருந்து வந்த மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவாகிறது. டைட்டில் ஒன் பள்ளிக்கு எல்லா அளவையிலும் சிவப்பு, அல்லது ஒன்று தவிர மற்றதெல்லாம் சிவப்பு என்றால் சிஎஸ்ஐக்குள் வந்துவிடும். வீடு தேடுபவருக்கு ஒற்றை எழுத்து சுலபம். பள்ளியில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க நிறப் பலகைதான் உதவும் என்பது என் கருத்து.

பட்டியலில் வந்த பிறகு உண்மையில் என்ன நடக்கும்?

சிஎஸ்ஐ என்றால் டிஸ்ட்ரிக்ட், தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும். அதற்கு முன்னால் பள்ளியின் தேவைகளை ஆராய வேண்டும். திட்டத்தைப் பள்ளி, டிஸ்ட்ரிக்ட், மாநிலம் மூன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிஎஸ்ஐ திட்டத்தைப் பள்ளி எழுதும், டிஸ்ட்ரிக்ட் ஒப்புக்கொள்ளும்.

சிஎஸ்ஐ, ஏடிஎஸ்ஐ திட்டங்களில் ஒரு வரி எனக்கு மிக முக்கியம். வளங்கள் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடித்து எழுத வேண்டும் என்கிறது சட்டம். அதாவது, ஒரே டிஸ்ட்ரிக்டில் அனுபவமுள்ள ஆசிரியர்கள் எல்லாம் மேட்டுக்குடிப் பகுதிப் பள்ளியிலும், முதல் ஆண்டு ஆசிரியர்களும் தற்காலிக ஆசிரியர்களும் இந்தப் பள்ளியிலும் இருக்கிறார்களா? ஒரு மாணவருக்குச் செலவாகும் தொகை எந்தப் பள்ளியில் எவ்வளவு? இந்தத் தொகையைப் பள்ளிவாரியாக ரிப்போர்ட் கார்டில் போட வேண்டும் என்பதும் சட்டம், நீங்களே பார்க்கலாம். பல திட்டங்களில் இந்தப் பகுதியைத்தான் ஒப்புக்கு நாலு வரியில் முடிக்கிறார்கள். பயிற்சிப் பட்டறை, புது மென்பொருள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அனுபவமுள்ள ஆசிரியரை இந்தப் பள்ளிக்கு வரவைக்கவும் தங்கவைக்கவும் என்ன செய்யப்போகிறோம் என்பதற்குத்தான் பதில் இருக்காது.

இதற்குத் தனியாகப் பணம் உண்டா?

உண்டு. மாநிலத்துக்கு வரும் டைட்டில் ஒன் தொகையில் 7 சதவீதத்தைப் பள்ளி மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். அதில் 95 சதவீதம் டிஸ்ட்ரிக்டுகளுக்குப் போக வேண்டும். 2024 நிதியாண்டில் டைட்டில் ஒன் மொத்தம் சுமார் 1,840 கோடி டாலர். அதில் 7 சதவீதம் என்றால் 120 கோடி டாலருக்கு மேல். கேட்க ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பிரித்தால் ஒரு பள்ளிக்கு வருவது ஓரிரு ஆசிரியர் சம்பளத்தைச் சில ஆண்டுகள் தாங்கும் அளவுதான்.

அந்தப் பணத்தை இஷ்டத்துக்குச் செலவழிக்கவும் முடியாது. பலன் தரும் என்று ஓரளவாவது ஆய்வுச் சான்று உள்ள முறைகளுக்கே போக வேண்டும். கோவிட் காலத்தில் வந்த பெரும் நிவாரணப் பணத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் பல, கூடுதல் ஆசிரியர்களையும் ஆலோசகர்களையும் வைத்துக்கொண்டன. அதன் கடைசித் தவணைக்கான கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது. அந்த ஆட்கள் இப்போதும் இருக்கிறார்களா என்று உங்கள் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள்.

இதனால் பள்ளிகள் தேறியிருக்கின்றனவா?

சில இடங்களில் தேறின, பல இடங்களில் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

2009க்குப் பிறகு ஒபாமா அரசு, பள்ளி மேம்பாட்டு மானியம் என்று பல நூறு கோடி டாலர் இறக்கியது. பணம் வேண்டுமென்றால் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமையாசிரியரை மாற்றிப் பாதி ஆசிரியர்களை நீக்குவது, அரசுப் பணத்தில் தனி நிர்வாகமாகப் பள்ளி நடத்தும் சார்ட்டர் அமைப்பிடம் பள்ளியை ஒப்படைப்பது, இழுத்து மூடுவது, தலைமையாசிரியரை மாற்றிப் பாடமுறையைச் சீர்திருத்துவது. கல்வித் துறையே செய்வித்த ஆய்வு 2017 ஜனவரியில் வந்தது. மதிப்பெண், பட்டயம், கல்லூரிச் சேர்க்கை எதிலும் அந்த மானியத்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது.

டென்னஸி இன்னும் கசப்பான கதை. கடைசி 5 சதவீதப் பள்ளிகளை ஒரு தனி மாநில டிஸ்ட்ரிக்டின் கீழ் எடுத்து, ஐந்து ஆண்டில் முதல் 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்று 2012இல் தொடங்கினார்கள். பெரும்பாலான பள்ளிகள் மெம்ஃபிஸில் இருந்தன. அந்த இலக்கு எட்டவே இல்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வுகள் அந்தப் பள்ளிகளில் பலன் இல்லை என்றே காட்டின. அதே மெம்ஃபிஸில், உள்ளூர் டிஸ்ட்ரிக்டே நல்ல ஆசிரியர்களுக்குக் கூடுதல் ஊதியம் தந்து நடத்திய பள்ளிகள் தொடக்க ஆண்டுகளில் நன்றாகவே முன்னேறின.

மாசச்சூசெட்ஸில் லாரன்ஸ் என்ற ஏழை நகரத்தை மாநிலம் 2011 இறுதியில் கையில் எடுத்தது. அங்கே பெரும்பாலான ஆசிரியர்களை வைத்துக்கொண்டார்கள். பள்ளி நாளை நீட்டித்தார்கள். விடுமுறை வாரங்களில், தடுமாறும் பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாக, பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்த்து, தேர்ந்தெடுத்த ஆசிரியர்களிடம் ஒரே பாடத்தை வாரம் முழுக்கப் படிக்கவைத்தார்கள். முதல் இரண்டு ஆண்டிலேயே கணக்கில் நல்ல முன்னேற்றம், வாசிப்பில் சிறிய முன்னேற்றம். அதில் பெரும்பங்கு அந்த விடுமுறை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

மிசிசிப்பியும் அப்படித்தான். 2013இல் ஒரு வாசிப்புச் சட்டம் கொண்டுவந்து, மிகவும் பின்தங்கிய தொடக்கப் பள்ளிகளுக்கு மாநிலமே பயிற்சியாளர்களை அனுப்பியது. அவர்கள் வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து, ஆசிரியருக்கு எழுத்தோசை முறையில் வாசிப்பு கற்பிக்கக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 3ஆம் வகுப்பில் வாசிக்கத் தெரியாவிட்டால் மேலே அனுப்பமாட்டோம் என்ற கடுமையும் சட்டத்தில் இருக்கிறது. அதில் எனக்கு மனத்தடை உண்டு. ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பகுதி மாணவர்களுக்கு மட்டும் வைக்கும் தேசியத் தேர்வில், 4ஆம் வகுப்பு வாசிப்பில் 2013இல் 49ஆவது இடத்தில் இருந்த மாநிலம் 2024இல் 9ஆவது இடத்துக்கு வந்தது. நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று அது.

இந்த நான்கு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், வகுப்பறைக்குள் ஆசிரியர் கற்பிப்பதும் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரமும் மாறிய இடங்கள்தான் தேறின. பெயர்ப் பலகையையும் நிர்வாகத்தையும் மாற்றியது மட்டும் போதவில்லை.

மாநிலமே பள்ளிகளைக் கையில் எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். பட்டியலில் வந்த பள்ளி அதிகபட்சம் நான்கு ஆண்டுக்குள் வெளியே வராவிட்டால், மாநிலம் இன்னும் கடுமையான நடவடிக்கை எடுக்க வேண்டும். அது என்ன என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கும். நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் ஜெர்சி சிட்டிதான் இப்படி முதன்முதலில் மாநிலத்தின் கைக்குப் போன டிஸ்ட்ரிக்ட், 1989இல். பிறகு 1995இல் போன நியூவர்க், 2018இல்தான் உள்ளூர் கைக்குத் திரும்பியது.

அண்மையில் பெரிதாகப் பேசப்பட்டது ஹூஸ்டன். வீட்லி ஹைஸ்கூல் தொடர்ந்து பல ஆண்டுகள் தேறாததைக் காட்டி, டெக்சஸ் மாநிலம் 2023 ஜூனில், மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியத்தின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, மைக் மைல்ஸைக் கண்காணிப்பாளராக நியமித்தது. 2025 மதிப்பீட்டில் ஹூஸ்டனில் எஃப் வாங்கிய பள்ளி ஒன்றும் இல்லை. இது சாதாரண விஷயம் இல்லை. அதே நேரத்தில் பல பள்ளிகளில் நூலகர்கள் போனார்கள், ஆசிரியர்கள் பெருமளவில் விலகினார்கள், மாணவர் எண்ணிக்கையும் குறைந்தது. வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியத்தை ஒரு நகரம் இழப்பது எளிதாகக் கடந்துபோகக்கூடிய விலை என்று எனக்குத் தோன்றவில்லை. நாடு முழுவதும் இப்படி எடுத்துக்கொண்ட டிஸ்ட்ரிக்டுகளை ஆராய்ந்தவர்கள், சராசரியாகத் தேர்ச்சி உயரவில்லை என்றே கண்டிருக்கிறார்கள்.

பட்டியலில் வந்தால் ஆசிரியர்களை நீக்கிவிடுவார்களா? பள்ளியை மூடிவிடுவார்களா?

இன்றைய மத்தியச் சட்டம் இரண்டையும் கட்டாயப்படுத்தவில்லை.

பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

சிஎஸ்ஐ பள்ளி மாணவர்களுக்கு அதே டிஸ்ட்ரிக்டில் வேறு பள்ளிக்கு மாற டிஸ்ட்ரிக்ட் வாய்ப்புத் தரலாம். தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முடிவு உங்களுடையது. அதற்கு முன்னால் எந்தக் காரணத்துக்காகப் பட்டியலில் வந்தது, உங்கள் பிள்ளையின் வகுப்பில் வளர்ச்சி எப்படி, ஆசிரியர்கள் தங்குகிறார்களா என்று பாருங்கள். நேரமும் படிப்பும் பேச்சுத்திறமையும் உள்ள பெற்றோர் எல்லாம் முதலில் கிளம்பிவிட்டால், எஞ்சிய பிள்ளைகளுக்காக டிஸ்ட்ரிக்டிடம் குரல் கொடுக்க ஆள் குறைந்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வாஷிங்டனில் கல்வித் துறையையே கலைக்கப் போகிறார்கள் என்கிறார்களே, இதெல்லாம் இனி இருக்குமா?

2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அதற்கான ஆணையில் கையெழுத்திட்டார். துறையில் ஊழியர்களும் பெருமளவு குறைக்கப்பட்டார்கள். ஆனால் எஸ்ஸா நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதை நாடாளுமன்றம் மாற்றும்வரை மாநிலங்கள் தேர்வு வைக்க வேண்டும், பள்ளிகளை அடையாளம் காண வேண்டும், உதவ வேண்டும். மாநிலம் ஒழுங்காகச் செய்கிறதா என்று மேலிருந்து கேட்க ஆள் குறைந்திருக்கிறது. அந்த அளவுக்குப் பெற்றோர் கேட்பது இப்போது முக்கியமாகிறது.

சரி, நான் எங்கே போய் என்ன கேட்பது?

டைட்டில் ஒன் பள்ளி என்றால், உங்கள் பிள்ளையின் ஆசிரியர் உரிய தகுதிச் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மேம்பாட்டுத் திட்டத்தின் நகலைக் கேளுங்கள். போன ஆண்டுத் திட்டத்தில் சொன்னதில் எது நடந்தது, அந்தப் பணத்தில் யாரை வேலைக்கு வைத்தீர்கள், 1 முதல் 3ஆம் வகுப்புவரை வாசிப்பு எந்த முறையில் கற்பிக்கப்படுகிறது, இந்தப் பள்ளியில் ஒரு மாணவருக்கு எவ்வளவு, பக்கத்துப் பள்ளியில் எவ்வளவு என்று கேளுங்கள். தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தொனி வேண்டாம். இந்தக் கேள்விகளில் பாதிக்கு அவரே டிஸ்ட்ரிக்டிடம் பதில் கேட்டுக் காத்திருப்பார்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெற்றோரும் ஆசிரியர்களும் உட்காரும் பள்ளிக் குழுவான ஸ்கூல் சைட் கவுன்சில். சிஎஸ்ஐ திட்டம் பள்ளியின் ஆண்டுத் திட்டத்துக்குள்தான் வரும், அந்த ஆண்டுத் திட்டம் இந்தக் குழுவின் முன் வந்தாக வேண்டும். கூட்ட நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். இன்னொன்று, ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 21 பேரோ அதற்கு மேலோ இருக்கும் பள்ளியில் அமைக்க வேண்டிய பெற்றோர் ஆலோசனைக் குழு, ஈலாக் என்பார்கள். இரண்டிலும் பல பள்ளிகளில் இடம் காலியாகவே கிடக்கிறது.

எப்போது போவது என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் டிஸ்ட்ரிக்ட் தன் செலவுத் திட்டத்தை ஜூலை 1க்குள் நிறைவேற்ற வேண்டும். ஆகஸ்டில் பள்ளி திறந்த பிறகு கேட்டால் பணம் எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். பிப்ரவரி முதல் மே வரை நடக்கும் கூட்டங்களுக்குப் போங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சில நாட்களுக்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் சொல்லிவையுங்கள்.